காதுக்குள் துடிப்பது எது? நடுச்செவியின் அரிய இரத்தக்குழாய்க் கோளாறுகளைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கமுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆயா பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. “ராத்திரி வலது பக்கம் சாஞ்சு படுத்தா காதுக்குள்ள உடுக்கை அடிக்குது தம்பி” என்றார். இரண்டு வருடமாகச் சொட்டு மருந்து, மாத்திரை, மறுபடி சொட்டு மருந்து. கையில் இருந்த பரிந்துரைக் கடிதத்தில் ‘காதில் நீர் கோத்திருக்கிறது, துளையிட்டு எடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. நான் காதுக்குள் பார்த்தேன். செவிப்பறைக்குப் பின்னால், முன்பக்கமாகக் கீழே, இளஞ்சிவப்பாக ஒன்று நாடியோடு சேர்ந்து துடித்தது. இதற்குள் யாரும் ஊசி வைக்கவில்லையே என்று அந்த நிமிடம் எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது.

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை செய்யும், தமிழ் படிக்கத் தெரிந்த இளம் மருத்துவர்களுக்கும், செவித்திறன் சோதிப்பவர்களுக்கும், கிளினிக் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம், அவர்களுக்கும் புரியும்படியே எழுதியிருக்கிறேன். கீழே எத்தனை படிகள் வந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: செவிப்பறைக்குப் பின்னால் சிவப்போ நீலமோ தெரிந்தால், சி.டி. ஸ்கேனைக் கண்ணால் பார்க்கும்வரை அந்தக் காதில் ஊசி, கத்தி, சதைத் துணுக்கு எடுக்கும் கருவி எதுவும் நுழையக்கூடாது.

இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு குழந்தைக்குக் காது நீர் என்று நினைத்துச் செவிப்பறையைக் கீறினார்கள். இரத்தம் பீறிட்டு நுண்ணோக்கியின் கண்ணாடியில் அடித்தது. மூத்தவர் ஒருவர் உடனே நாடாத்துணியை அடைத்து அழுத்தியதால் குழந்தை பிழைத்தது. அறுவை அறையில் அன்று யாரும் பேசவில்லை. ஸ்கேன் எடுக்காமலேயே கீறியிருந்தார்கள்.

முதலில், எந்தக் குழாய் எங்கே இருக்க வேண்டும்

நடுச்செவியை ஒரு சின்ன அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறை அதன் வெளிச்சுவர். உள்சுவரில், ஒலியை உணரும் உள்செவி உறுப்பான நத்தைச்சுருளின் முதல் வளைவு ஒரு மேடாகப் புடைத்திருக்கும். முன்சுவருக்கு அப்பால், மெல்லிய எலும்புத் தகட்டுக்குப் பின்னால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் உட்கரோட்டிட் தமனி ஏறுகிறது. தரைக்கு அடியில், மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் ஜுகுலர் சிரையின் குமிழ். இரண்டுக்கும் நமக்கும் நடுவே இருப்பது அந்த எலும்பு மட்டும்தான். அது இல்லாமல் போனாலோ, குழாயே வேறு வழியில் வந்தாலோ சிக்கல் தொடங்குகிறது.

இவற்றில் ஒப்பீட்டளவில் அடிக்கடி பார்ப்பது உயர்ந்த ஜுகுலர் குமிழ். சிரைக் குமிழ் தன் இடத்தைவிட மேலே ஏறியிருக்கும். மேலே உள்ள எலும்பு மூடியும் இல்லையென்றால் அது நேராக அறைக்குள் பிதுங்கி நீலமாகத் தெரியும். பெரும்பாலோருக்கு வலதுபக்கக் குமிழ்தான் பெரியது, அதனால் வலது காதில் கூடுதல் கவனம் வேண்டும்.

வழிதவறிய கரோட்டிட் மிக அரிது, மிக ஆபத்தானதும் அதுதான். கருவில் கழுத்துப் பக்கத் தமனியின் ஒரு துண்டு சரியாக வளராமல் போகிறது. மூளைக்கு இரத்தம் போயாக வேண்டுமே, அதனால் நடுச்செவிக்குள் இருக்கும் இரண்டு நூல்போன்ற தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து, பருத்து, அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பக்கம் பாலங்களும் சாலைகளும் அடித்துப்போனபோது வண்டிகளெல்லாம் சந்து பொந்துகளில் சுற்றிப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோல ஒரு சந்து இங்கே பெருஞ்சாலையாகிவிட்டது. அது நத்தைச்சுருளின் மேட்டின் மீதே ஓடுகிறது. பெண்களிடமும் வலது காதிலும் அதிகம் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது, நிலைத்துவிட்ட ஸ்டேபீடியல் தமனி. நம் உடம்பின் மிகச் சிறிய எலும்பான அங்கவடி எலும்புக்கு நடுவில் ஏன் ஓட்டை இருக்கிறது தெரியுமா? கருவில் இந்தத் தமனியைச் சுற்றித்தான் அந்த எலும்பே உருவாகிறது. மூன்றாம் மாதத்தில் தமனி மறைந்துவிட வேண்டும், ஓட்டை மட்டும் மிஞ்ச வேண்டும். சிலருக்குத் தமனி மறையாமல் தங்கிவிடுகிறது. காதைச் சுற்றியுள்ள பொட்டெலும்புகளை ஆராய்ந்தவர்கள் 0.02 முதல் 0.48 சதவீதம் வரை கண்டிருக்கிறார்கள். இதை முதலில் விவரித்தவர் ஹிர்ட்ல் என்ற உடற்கூறியலாளர், 1836-இல்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளும் முக்கியமான ஒன்று குளோமஸ் கட்டி. பிறவிக் குழாய்க் கோளாறு அல்ல, இரத்த ஓட்டம் நிறைந்த கட்டி. நடுச்செவி மேட்டில் ஓடும் நரம்பை ஒட்டி வளரும். நடுவயதுப் பெண்களிடம் அதிகம். பார்வைக்கு வழிதவறிய கரோட்டிட் போலவே இருக்கும். ஒன்றை அறுத்து எடுக்கலாம், மற்றதைத் தொடவே கூடாது. ஆகவே, இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த வழிகாட்டியின் பாதி வேலை.

படி 1: ஒலியைப் பற்றிக் கேளுங்கள்

‘காதில் இரைச்சல்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். என்ன ஒலி என்று அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள். உடுக்கை, தண்ணீர் பாய்வது, காற்று ஊதுவது, ‘உஷ் உஷ்’ என்று யாரோ அடக்குவது: இப்படித் தாளத்தோடு சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள்.

அப்புறம் ஒரு எளிய சோதனை. ஒலி கேட்கும்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் மணிக்கட்டில் நாடி பிடியுங்கள். தட்டும் நாடியும் ஒன்றாகப் போனால் அது இரத்த ஓட்டத்தின் ஒலி. நாடியோடு சேராமல் படபடவென்று துடித்தால் நடுச்செவியின் குட்டித் தசைகளோ அண்ணத் தசையோ துடிக்கிறது. மூச்சோடு சேர்ந்து வந்தால் தொண்டைக்கும் காதுக்குமான குழாய் திறந்தே கிடக்கிறது என்று பொருள். கருவி எதுவும் தேவையில்லாத இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

கேட்க வேண்டிய மற்றவை: ஒரு காதிலா இரண்டிலுமா, கேட்கும் திறன் குறைந்ததா, காதிலிருந்து இரத்தம் வந்ததுண்டா, முன்பு காது அறுவை செய்ததுண்டா. குரல் கம்மியதா, விழுங்கச் சிரமமா என்றும் கேளுங்கள். மண்டையோட்டின் அடியில் ஜுகுலர் சிரையோடு சேர்ந்து வெளியேறும் நரம்புகளைக் கட்டி அழுத்தினால் இவை வரும். தலைவலி, திடீர் வியர்வை, படபடப்பு, ஏறி ஏறி இறங்கும் இரத்த அழுத்தம் என்றால் ஹார்மோன் சுரக்கும் கட்டியை நினையுங்கள். உடல் எடை கூடிய இளம்பெண்ணுக்குத் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். அவரைக் கண் மருத்துவரிடம் உடனே அனுப்புங்கள், தாமதித்தால் பார்வை போகும்.

குடும்பத்தில் யாருக்காவது கழுத்திலோ காதிலோ இப்படிக் கட்டி வந்ததா என்று கேட்க மறக்காதீர்கள். குளோமஸ் வகைக் கட்டிகளில் ஒரு பகுதி பரம்பரையாக வருகிறது. எஸ்.டி.எச்.டி. என்ற மரபணு மாற்றம் தகப்பன் வழியாக வந்தால்தான் பெரும்பாலும் நோயாக வெளிப்படும். தாய் வழியாக வந்தால் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து அடுத்ததில் வரலாம். அதனால் அப்பா, அத்தை, தாத்தா பக்கம் விசாரியுங்கள்.

படி 2: அவசரமில்லாமல் பாருங்கள்

காது அழுக்கை மெதுவாகச் சுத்தம் செய்துவிட்டு, முடிந்தால் நுண்ணோக்கியிலோ எண்டோஸ்கோப்பிலோ பாருங்கள். கையில் ஓட்டோஸ்கோப் மட்டும்தான் இருக்கிறதா, பரவாயில்லை. நிறத்தை மட்டும் பார்க்காமல் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வலது காதைக் கடிகாரமாக எண்ணினால் விளக்கொளி செவிப்பறையில் பட்டுப் பளபளக்கும் ஒளிமுக்கோணம் 5 மணியில் விழும், இடது காதில் 7 மணியில்.

பின்பக்கமாகக் கீழே, அதாவது வலது காதில் 7, 8 மணிப் பக்கம் நீலமாகத் தெரிந்தால் ஜுகுலர் குமிழாக இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னால் சிலரிடம் அது பெருப்பது கண்ணுக்கே தெரியும். முன்பக்கம் கீழேயோ நடு மேட்டிலோ சிவப்பாக, துடிப்போடு தெரிந்தால் வழிதவறிய கரோட்டிட் அல்லது குளோமஸ் கட்டி. மேட்டின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு அங்கவடி எலும்பை நோக்கிப் போனால் ஸ்டேபீடியல் தமனி. ஆனால் அது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

காற்றழுத்தும் ஓட்டோஸ்கோப்பால் அழுத்தினால் குளோமஸ் கட்டி வெளுத்துத் துடிப்பு நிற்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் இதை நம்பி முடிவெடுப்பதில்லை. வெளுத்தால் கட்டி என்றும் இல்லை, வெளுக்காவிட்டால் கட்டி இல்லை என்றும் இல்லை.

எல்லாச் சிவப்பும் குழாயல்ல, எல்லா நீலமும் சிரையல்ல. அங்கவடி எலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோயில் மேடு இளஞ்சிவப்பாகத் தெரியும். தலையில் அடிபட்டவருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் இரத்தம் தேங்கி நீலமாகத் தெரியும். பழைய நீர் கெட்டியாகிக் கொலஸ்டிரால் படிந்தாலும் நீலம்தான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் காசநோய் அதிகம், அது காதையும் விடுவதில்லை. வலியில்லாமல் சீழ் வடிந்து, செவிப்பறையில் பல ஓட்டைகள் விழுந்து, உள்ளே சதை வளரும். அதை உறுதிப்படுத்தச் சதைத் துணுக்கு எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்து எடுத்துப் பழகிய கை, சிவப்பைப் பார்த்ததும் தானாகவே கருவியைத் தேடும். அந்தக் கையைத்தான் நான் பிடித்து நிறுத்தச் சொல்கிறேன். காசநோய் என்றே சந்தேகம் இருந்தாலும், துடிக்கும் சதைக்கு ஸ்கேன் முதலில், துணுக்கு அப்புறம்.

படி 3: கழுத்தும் ஸ்டெதாஸ்கோப்பும்

அறையை அமைதியாக்கிவிட்டுக் காதுக்குப் பின் எலும்பு, கழுத்து, கண் மேல் என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். நோயாளி கேட்கும் ஒலி உங்களுக்கும் கேட்டால் அது பெரிய தடயம். மூளை உறையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட ஆபத்தான நிலை இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, ஒலி கேட்கும் பக்கத்தில் தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் விரல்களை மிக மெதுவாக வைத்து அழுத்துங்கள். சிரை மட்டும் அடைபடும் அளவுக்குத்தான். ஒலி நின்றால் அது சிரையின் ஒலி: ஜுகுலர் குமிழோ, அதற்கு மேலே, மூளையின் இரத்தத்தை அதற்குள் வடிக்கும் சிக்மாய்டு சிரைக்குழியின் பக்கப் பிதுக்கமோ இருக்கலாம். தலையை அதே பக்கம் திருப்பினாலும் குறையலாம். நாடி துடிக்கும் கரோட்டிட்டை அழுத்தாதீர்கள், முக்கியமாக வயதானவர்களுக்கு. எங்கள் ஆயாவுக்கு அழுத்தியபோது ஒலி நிற்கவில்லை. சிரை இல்லை, தமனிப் பக்கம்தான் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

நாக்கை நீட்டச் சொல்லுங்கள், ‘ஆ’ என்று சொல்லச் சொல்லுங்கள், முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அசைகிறதா பாருங்கள். இரத்த அழுத்தம் எடுங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை போதும், இரண்டுமே இதயத்தை வேகமாக ஓடவைத்துக் காதில் ஒலி கேட்கச் செய்யும்.

படி 4: கேட்கும் திறன் சோதனை

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையில் தொடங்கி முழு ஆடியோகிராம் எடுங்கள். குழாயோ கட்டியோ எலும்புச் சங்கிலியைத் தடுத்தால் கடத்தல் வகைக் குறைபாடு தெரியும். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியில் கோடு நாடியோடு சேர்ந்து அலை அலையாக ஆடினால் செவிப்பறையை ஏதோ குழாய் தட்டுகிறது என்று பொருள். சோதிப்பவர்கள் இதைக் ‘கருவிக் கோளாறு’ என்று நினைத்துத் திரும்ப எடுக்கிறார்கள். அந்த அலை வந்த தாளைக் கிழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 5: சி.டி. ஸ்கேன், நீங்களே பாருங்கள்

கேட்க வேண்டியது ‘தலை சி.டி.’ அல்ல. பொட்டெலும்புக்கான உயர்துல்லிய சி.டி., 0.6 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகள், இரண்டு காதும், எலும்புக்கான அமைப்பில். முதல் ஸ்கேனுக்குச் சாய மருந்து தேவையில்லை. வேண்டுகோள் தாளில் ‘நாடியோடு துடிக்கும் சிவப்பு, குழாயா கட்டியா’ என்று எழுதுங்கள். வெறுமே ‘காது நீர்’ என்று எழுதினால் படம் படிப்பவர் நீரைத்தான் தேடுவார்.

படம் வந்ததும் அறிக்கையை மட்டும் நம்பிவிடாமல் நீங்களும் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கரோட்டிட் கால்வாய். மண்டையோட்டின் அடியிலிருந்து மேலே ஒவ்வொரு வெட்டாக ஏறுங்கள். ஜுகுலர் ஓட்டைக்கு முன்னால் வட்டமாக அது தெரிய வேண்டும். மேலே போகப் போக நத்தைச்சுருளுக்கு முன்னால் வளைந்து படுக்கையாகத் திரும்ப வேண்டும். அந்தச் செங்குத்துக் கால்வாயே காணோமா? அப்படியானால் அறையின் தரைக்குப் போங்கள். பின்னாலும் வெளிப்பக்கமாகவும் ஒரு குழாய் நுழைந்து, மேட்டின் மேல் ஓடி, முன்னால் படுக்கைப் பகுதியோடு சேர்ந்தால் அது வழிதவறிய கரோட்டிட்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று பிரித்து வெட்டிய (கொரோனல்) ஒரே ஒரு படத்தில் இந்தத் தமனி மேட்டில் ஒட்டிய உருண்டைபோலத் தெரியும், குளோமஸ் கட்டி மாதிரியே. ஆயாவின் முதல் படத்தைப் பார்த்ததும், வயதையும் வைத்து, நானும் கட்டி என்றுதான் நினைத்தேன். வெட்டு வெட்டாகத் தொடர்ந்து பார்த்தபோது உருண்டை நீண்டு குழாயாயிற்று, முன்னால் போய்ச் சேர்ந்தது. கீழே செங்குத்துக் கால்வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கட்டி ஒரு மேட்டில் தொடங்கி அங்கேயே முடியும். குழாய் எங்கிருந்தோ வந்து எங்கோ போகும்.

அடுத்து முள் ஓட்டை, அதாவது மூளை உறையின் நடுத்தமனி நுழையும் சிறு துளை. ஓவல் ஓட்டைக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கம் இருக்கும். அது ஒரு பக்கம் இல்லையென்றால் ஸ்டேபீடியல் தமனியைத் தேடுங்கள். அந்தத் தமனி தங்கிவிட்டால் மூளை உறைத் தமனிக்கு இரத்தம் அதன் வழியே போகும், துளைக்குத் தேவையே இருக்காது. முக நரம்புக் கால்வாயின் நடுச்செவிப் பகுதி அகன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். துளை இல்லாதவர் எல்லோருக்கும் இந்தத் தமனி இருக்காது, சிலருக்கு இயல்பாகவே துளை இருப்பதில்லை. இரண்டு அறிகுறியும் சேர்ந்தால்தான் உறுதி. வழிதவறிய கரோட்டிட்டும் இதுவும் ஒரே காதில் சேர்ந்து வரலாம், ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு ஜுகுலர் குமிழ் எவ்வளவு உயரம், மேலே எலும்புத் தகடு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஓரம் கரையான் அரித்ததுபோல் இருந்தால் அது வெறும் உயர்ந்த குமிழ் இல்லை, கீழிருந்து ஏறிவரும் கட்டி. சிக்மாய்டு சிரைக்குழியின் மேலெலும்பையும், உள்செவியின் மேல் அரைவட்டக் கால்வாயின் கூரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடியுங்கள், அங்கே ஓட்டை விழுந்தாலும் நாடி ஒலி கேட்கும்.

படி 6: இன்னும் என்ன ஸ்கேன் வேண்டும்

சி.டி.யிலேயே வழிதவறிய கரோட்டிட் தெளிவாகிவிட்டால், உறுதிக்கு சாய மருந்து கொடுத்த சி.டி. ஆஞ்சியோகிராமோ எம்.ஆர். ஆஞ்சியோகிராமோ போதும். சாய மருந்துக்கு முன் சிறுநீரகப் பரிசோதனை பாருங்கள். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரா என்று கேளுங்கள்.

கட்டி என்று தோன்றினால் சாய மருந்தோடு எம்.ஆர்.ஐ. பெரிய குளோமஸ் கட்டி உப்பும் மிளகும் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சின்னக் கட்டியில் அந்தப் புள்ளிகளைத் தேடி ஏமாறாதீர்கள். ஹார்மோன் அறிகுறி இருந்தால் இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, அந்த ஹார்மோன் சிதைந்து வரும் மெட்டாநெஃப்ரின் அளவு பார்க்க வேண்டும், அறுவைக்கு முன் இதைத் தவறவிடக்கூடாது.

செவிப்பறை இயல்பாக இருந்தும் ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்டால் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ செய்யும் ஆஞ்சியோகிராம் வரை போக வேண்டியிருக்கும். அரசு வழியில் போகிறவர்களுக்கு அது இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை போன்ற உயர்நிலை இடங்களின் வேலை. கிளினிக்கிலிருந்து படிப்படியாகத்தான் பரிந்துரை போகும், ஆகவே முதல் கடிதத்திலேயே ‘நாடியோடு துடிக்கிறது’ என்ற சொல் இருக்கட்டும். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் ஸ்கேனுக்கு முன் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள்.

கண்டுபிடித்த பிறகு

வழிதவறிய கரோட்டிட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விடுவதே சிகிச்சை. ஜுகுலர் குமிழும் தொந்தரவு இல்லையென்றால் அப்படித்தான். ஸ்டேபீடியல் தமனி அங்கவடி எலும்பு அறுவையின்போதுதான் பிரச்சினையாகும். குளோமஸ் கட்டிக்கு மட்டும் அறுவையா, கதிர்வீச்சா, காத்திருப்பதா என்று குழுவாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

தவறிப்போய் யாராவது குத்தி இரத்தம் பீறிட்டால்: உறிஞ்சிக்கொண்டே நிற்காதீர்கள். நாடாத்துணியால் காதை இறுக அடையுங்கள். இரத்தம் தொண்டை வழியாகவும் இறங்கும், மூச்சுவழியைக் காப்பாற்றுங்கள். சிரையில் ஊசி போட்டு, இரத்தம் ஏற்பாடு செய்து, அடைத்தது அடைத்தபடியே ஆஞ்சியோகிராம் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். நின்றுவிட்டதே என்று துணியை எடுத்துப் பார்க்கக்கூடாது. நின்ற பிறகும் கிழிந்த தமனிச் சுவர் பலூன்போல வீங்கி வாரங்கள் கழித்து வெடிக்கலாம், அதனால் தமனியைப் படமெடுத்தே ஆக வேண்டும்.

ஆயாவுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். என்ன இருக்கிறது என்று படம் வரைந்து காட்டினோம். புற்றுநோய் இல்லை என்று கேட்டதும் பேரன்தான் முதலில் அழுதான். அப்புறம் ஒரு அட்டையில் ‘வலது நடுச்செவியில் கரோட்டிட் தமனி. செவிப்பறையைக் கீறவோ துளையிடவோ கூடாது’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, ஸ்கேன் எடுத்த தேதியையும் சேர்த்தேன். கோப்பின் முன்பக்கத்தில் அதையே சிவப்பு மையில் எழுதினோம். ஆயா அட்டையை வாங்கி, கிளினிக் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள், முருகன் படத்துக்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டார். உடுக்கை இன்னும் அடிக்கிறதாம். என்னவென்று தெரிந்துவிட்டதால் தூக்கம் வருகிறது என்று போன மாதம் சொன்னார்.